ஆளுக்கொரு நாற்காலி

ஒன்பது வருஷச் சண்டைக்குப் பிறகு மலைநாட்டு ராஜாவும் ஆற்றுநாட்டு ராஜாவும் சமாதானக் கையெழுத்துப் போட வந்தார்கள். உட்கார அவரவர் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கையெழுத்தாகாவிட்டால் மறுபடி பீரங்கி வெடிக்கும்.

“இன்னைக்கு முடிஞ்சிரும் பாரு!” என்று குதித்தது மலைநாட்டுத் தேக்கு நாற்காலி.

“எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!” என்றது ஆற்றுநாட்டுப் பலா நாற்காலி.

ராஜாக்கள் உட்கார்ந்தார்கள். தேக்கு இரண்டு விரல் உயரமாக இருந்தது. ஆற்றுநாட்டு ராஜா விருட்டென்று எழுந்துவிட்டார்.

ஆசாரி ஓடிவந்து தேக்கின் கால்களை அறுத்தார். கொஞ்சம் அதிகமாகவே அறுத்துவிட்டார். இப்போது பலா உயரம். மலைநாட்டு ராஜா எழுந்துவிட்டார். ஆசாரி பலாவை அறுத்தார். மறுபடி தேக்கு உயரம். அதை அறுத்தார். மறுபடி பலா.

“வெயில் இறங்குது, சீக்கிரம் அறுங்க ஆசாரி!” என்று இரண்டு நாற்காலிகளும் கத்தின.

கடைசியில் அறுக்கக் காலே இல்லை. ராஜாக்கள் தரையோடு தரையாகச் சம்மணம் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். மேசை எட்டவில்லை. மடியில் காகிதத்தை வைத்து, சூரியன் மறையுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

வெளியே ஒரே ஆரவாரம். இரு நாட்டுச் சிப்பாய்களும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஒற்றைக் காலோடு வந்தவர்கள் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார்கள்.

“நாலு காலும் போச்சேப்பா!” என்று சிரித்தது தேக்கு.

பலா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“போகட்டும், விடு. கால் போறது நம்மளோட நிக்கட்டும்.”