பூதத்துக்குப் பொட்டில்லை

உள்ளும் புறமும் ஒருசேர அறியும் பெருமான் திருவடியைச் சிரமேற்கொண்டு சொல்லத் தொடங்குவோம்.

"மொதலாளி, புதுசுன்னு சொல்லிப் பழைய சீடியைத் தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா?"

ஹட்டன் கடைவீதியில் பைஸரின் புத்தகக் கடை. விஜயதசமி நாளாதலால் நல்ல கூட்டம். அத்தனை பேர் காதிலும் விழவேண்டும் என்றே வினோஜன் மாஸ்டர் குரலை உயர்த்தினார். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பவர் அவர். ஒரு தேவாரமேனும் பாடாமல் அந்தக் கணினியைத் திறந்தறியாதவர்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?" என்றார் பைஸர்.

"முந்தாநாள் உங்ககிட்ட கம்ப்யூட்டர் கேம் புத்தகம் வாங்கினேன்ல? அதோட சும்மா வர்ற டெமோ சீடி இது. மொத கட்டம் மட்டும் விளையாடலாம்னு போட்டிருக்கு. சரஸ்வதி பூசையில வச்சு எடுத்துக் காட்டுறேன்னு பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். காலையில நாப்பது பிள்ளைங்க முன்னால போட்டா, கர்ர்ருன்னு சுத்துது, ஒண்ணும் வரல!"

"கம்ப்யூட்டர்ல ஏதாச்சும்…"

"மத்த சீடி எல்லாம் ஓடுதே! நிறுத்தித் திரும்பவும் போட்டாச்சு. சீடி ஓடலைன்னா என்ன செய்யணும்னு புத்தகத்துலயே ஒரு பக்கம் இருக்கு. அதுல சொன்னது அத்தனையும் செஞ்சாச்சு."

இது முழு உண்மையன்று. 'சீடியின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா?' என்பது அந்தப் பக்கத்தின் முதல் வரி. குளித்து, நீறணிந்து தொட்ட பொருளுக்கு இது வேண்டாத கேள்வி என்று மாஸ்டர் அதைத் தாண்டிவிட்டார்.

"இங்க பாருங்க!" என்று சீடியின் உறையைத் தூக்கிக் காட்டினார். அதன் ஓரம் வெட்டப்பட்டு, மேலே டேப் ஒட்டியிருந்தது. "பிரிச்சு எடுத்துட்டு ஒட்டி வித்தா எங்களுக்குத் தெரியாதா?"

பள்ளிக்கூடத்துக்கு எழுதுகொப்பி வாங்க வந்திருந்த பழனியாண்டி முன்னால் வந்தார். அதே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"மாஸ்டர் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா? பேய்ப் படம் போட்ட சீடி வேணாம்னு நான் அப்பவே சொன்னேன். மொதலாளி, இது மட்டும் உண்மையா இருந்தா, எங்க தோட்டத்துப் பிள்ளை ஒண்ணுகூட இனிமே இந்த வாசலை மிதிக்காது."

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். இருபது வருடக் கடையின் பெயர் அந்தத் தலையசைப்பில் ஆடியது.

பைஸர் சினக்கவில்லை. "உள்ள வாங்க மாஸ்டர், போட்டுப் பாப்போம்."

பின்னறையில் அவர் மகள் மின்ஹா கணினியின் முன் அமர்ந்திருந்தாள். சீடியை வாங்கி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். கொம்பு முளைத்த பூதம் அச்சிட்ட மேற்பக்கம் பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பக்கத்தில், துடைத்தும் போகாத மஞ்சள் படலம். நடுவே ஒரு சிவப்புக் கறை.

"வாப்பா, இது சந்தனம். குங்குமமும் இருக்கு."

பைஸர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பூசையில பொட்டு வச்சீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் சீடியை எட்டிப் பார்த்தார். "வச்சேன்… அப்புறம் துடைச்சிட்டேனே."

"மெஷின் படிக்கிறது இந்தப் பக்கத்தைத்தான் மாஸ்டர். மேல இருக்கிறது வெறும் படம்" என்றாள் மின்ஹா.

ஈரத்துணியால், வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்நேராகத் துடைத்தாள். உலர்த்திப் போட்டாள். மறுநிமிடம் திரையில் பூதம் உறுமிக்கொண்டு வந்தது.

"அப்ப… உறையை வெட்டினது?"

"நான்தான்" என்றாள் மின்ஹா. "கொழும்புல இருந்து பஸ்ஸில குலுங்கிக் குலுங்கி வர்றதுல பத்துக்கு ரெண்டு கீறல் விழுந்து வெடிச்சிருது. ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்து, நல்லதை மட்டுந்தான் கடையில வைப்போம்." மேசையடியில் வெடித்த சீடிகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. "தோட்டத்துல இருந்து வர்றவங்க, மாத்துறதுக்குன்னு இன்னொரு நாளைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு வாப்பா சொல்லுவாங்க."

பைஸரும் மாஸ்டரும் வெளியே வந்தார்கள். பழனியாண்டி நகராமல் நின்றிருந்தார், கூட்டமும் கலையவில்லை.

"என்ன மொதலாளி, சங்கதி?"

"சீடியில கொஞ்சம் அழுக்கு இருந்திச்சு தலைவரே. துடைச்சுக் குடுத்திட்டோம்."

"அழுக்கா? அப்பப் பழைய சீடியேதான்! நான் சொல்லல?"

ஒரே ஒரு சொல் போதும். பைஸரின் பெயர் நிமிர்ந்துவிடும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. குனிந்து கொப்பிகளை அடுக்கத் தொடங்கினார்.

தலைவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர், பேச்சையே காணோம்? கள்ளனைப் பிடிச்சீங்களா, இல்லையா?"

வந்தபோது எழுந்த அதே உரத்த குரல் மீண்டும் எழுந்தது.

"பிடிச்சிட்டேன் தலைவரே! பூதத்து மூஞ்சியில பொட்டு வைக்க மாட்டேன்னு சீடியைத் திருப்பி, ஓடுற பக்கத்துல சந்தனம் அப்பின கள்ளன் நான்தான்!"

பிறர் மானம் காக்கத் தம் நாவை அடக்கிய நல்லோர் வாசலில் கூட்டம் பெருகுக. இதைக் கேட்டவர் இல்லத்தில் பூசைச் சந்தனம் என்றும் மணக்குக.