ரத்தம் நிற்கும் வரை

இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மார்பைத் தைத்து மூட முடியவில்லை.

பையனுக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத உடம்பு. தாய்வழியில் வந்த அபூர்வமான கோளாறு. கெட்டுப்போன வால்வை மாற்றும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டரம்மா செய்ததெல்லாம் பஞ்சுத்துணியை வைத்து அழுத்துவதும், எடுத்துப் பார்ப்பதும்தான்.

ஒவ்வொரு துணியும் நனைந்து சிவந்தே வந்தது.

நின்று நின்று அவருக்குக் கால் கடுத்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. உறைய வைக்கும் மருந்தை இன்னொரு முறை ஏற்றச் சொன்னார்.

"கொஞ்ச நேரம் உட்காருங்க மேடம். நான் அழுத்திப் பிடிச்சுக்கறேன்" என்றார் உதவி டாக்டர்.

டாக்டரம்மா வேண்டாமென்று தலையசைத்தார்.

இந்த ஆபரேஷனை அவர் ஒப்புக்கொண்டதே அரை மனதாகத்தான். தன்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, தானே பேசி ஏற்பாடு செய்வதாக எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பையனின் அம்மா பிடித்த பிடியை விடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எப்ப அட்மிட் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மருந்து ஏறியது. மறுபடி அழுத்தினார். மறுபடி எடுத்தார்.

இந்தத் துணியின் ஓரத்தில் மட்டும் லேசான கறை.

சந்தோஷப்பட்டால் கெட்டுவிடும் என்பதுபோல் எல்லோரும் அடுத்த துணிக்காகக் காத்திருந்தார்கள். அது வெள்ளையாகவே வந்தது.

தைத்து முடித்து வெளியே வந்தபோது டாக்டரம்மாவுக்கு முகமூடியைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. கதவில் சாய்ந்து நின்றார். எழுந்து வந்த அம்மா, அவர் நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் நின்னுடுச்சும்மா. பையன் நல்லா இருக்கான்."

அது அவள் காதில் ஏறவே நேரம் பிடித்தது. பிறகு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவும் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். அழவும் தெம்பில்லாத இரண்டு பெண்கள், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

"ஏம்மா, அத்தனை சொல்லியும் எதுக்கு என்கிட்டயே கொண்டுவந்தீங்க?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவன் அண்ணனுக்கு ரத்தம் நிக்காமப் போனப்ப உள்ள இருந்தது நீங்கதானே டாக்டரம்மா. அவன் எப்படிப் போனான்னு வேற யாருக்குத் தெரியும்?"