முதலில் எழுதியவர்

ஆண்டுமலர் மேசைமேல் வந்து விழுந்தது.

பத்தொன்பது வருடப் பழையது. அட்டையைப் பார்த்ததுமே ஆசிரியைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"முப்பத்தோராம் பக்கம், மேடம்," என்றாள் மரியசெல்வி. கடைசி பெஞ்சுக்காரி. இந்த வகுப்பில் இதுவரை வாய் திறந்ததில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டால் குடையாமல் என்ன செய்யும்? பயிற்சி கொடுத்தவளே அவள்தான். நம் கல்லூரியைப் பற்றி இணையத்தில் இருக்கும் ஒரு செய்தியை எடுங்கள். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று தோண்டிக்கொண்டே போங்கள். முதலில் எழுதியவர் யாரோ, அங்கே போய் நில்லுங்கள்.

நாற்பத்திரண்டு பெண்களும் வாசலில் நிற்கும் மகிழ மரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

1871-ல் கொழும்பிலிருந்து கப்பலில் வந்த டாக்டர் ஒருவர், இறந்துபோன மகளின் நினைவாக நட்ட மரம். கல்லூரி இணையதளம் அப்படித்தான் சொல்கிறது. செய்தித் தளங்கள் சொல்கின்றன. ஒரு யூடியூப்காரர் கண்ணீர் விட்டே சொல்கிறார்.

'பதினேழு தளங்களில் உள்ளது. எனவே நம்பகமானது.'

நாற்பத்தோரு பேர் இதையே எழுதியிருந்தார்கள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, முற்றுப்புள்ளி உட்பட.

மரியசெல்வி மட்டும் நூலகத்துக்குப் போயிருக்கிறாள்.

மலரில், அந்த மரத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை. அடியில் 'இரண்டாம் ஆண்டு மாணவி' என்று ஆசிரியையின் பெயர்.

"இதுக்கு முன்னாடி எங்கயுமே இல்ல, மேடம். நல்லா தேடிட்டேன்."



வரும் புதன்கிழமை அந்த மரத்தடியில் கல்வெட்டுத் திறப்பு. கதையைப் பொறித்த கல் வந்து இறங்கிவிட்டது. வரவேற்புரை ஆசிரியைதான். ஏதோ பழைய புத்தகத்தில் படித்ததாகச் சொல்லிவிட்டால் போதும். மேடம் சொன்னால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? மானமும் தப்பும், கல்லும் நிற்கும்.

அந்தப் பெண்ணின் விரல்களில் இன்னும் நூலகத்துத் தூசி ஒட்டியிருந்தது.

சீ, என்றிருந்தது அவளுக்கு.

"அது நான் கட்டுன கதைம்மா. மலர்ல அரைப்பக்கம் காலியா கெடந்துச்சு. கேன்டீன்ல உக்காந்து எழுதிக் குடுத்தேன். டாக்டரும் கெடையாது, மகளும் கெடையாது."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அப்பாடா! முதல்வரிடம் மதியம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

சிரிப்பு அடங்கியதும் நாற்பத்தோரு தலைகளும் குனிந்தன. பேனாக்கள் ஓடின. மரத்தின் கதை பொய். மேடமே சொன்னார்.

மரியசெல்வி எழுதவில்லை. உட்காரவும் இல்லை.

"என்னம்மா?"

"தப்பா நெனச்சுக்காதீங்க, மேடம். நீங்க இப்ப சொன்னதுக்கு என்ன ஆதாரம்?"

பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

ஆதாரம்.

ஆசிரியை யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கேன்டீனில் அன்று கூட யாரும் இருக்கவில்லை. எழுதிய தாளும் இல்லை. வெட்கப்பட்டு அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

"ஒண்ணுமே இல்லம்மா."

"அப்போ, உறுதிப்படுத்த முடியலன்னு போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோ."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் கத்திய கத்தலுக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்றிருந்தது. திரும்பிக் கரும்பலகையைத் துடைப்பதுபோல் நின்றாள். எழுதாத பலகையை.

முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். எழுதியதை அடித்துவிட்டு எல்லோரும் மரியசெல்வியின் வரியை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நடுவே, துப்பட்டாவை இழுத்தவளின் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஏட்டி, லைப்ரரி எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும்?"