முகம் மூடத் தடை

"இனிமே நம்ம வார்டுல ஒருத்தரும் முகத்தை மூடிக்கினு நடமாடக் கூடாது. கர்ச்சீப்போ, துப்பட்டாவோ, ஹெல்மெட்டோ, எதுவா இருந்தாலும் தெருமுனையில கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். அப்புறம் திருவள்ளூர் போய் கலெக்டரைப் பாத்து, மாவட்டம் பூராவும் தடை போடச் சொல்லி மனு குடுக்கறோம்."

குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பச்சையப்பனுக்கு மைக் தேவைப்படவில்லை. கும்மிடிப்பூண்டியில் ரைஸ்மில் வைத்திருப்பவர். மெஷின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மில்லிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் சொன்னதுதான் சட்டம்.

பெண்கள் வரிசையில் அவர் மனைவி திலகவதியும் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே மாதத்தில் இரண்டு செயின் பறிப்பு. இரண்டிலுமே பறித்தவன் முகத்தை மூடியிருந்தான். ஊர் கொதித்ததில் தப்பே இல்லை. ஆனால் திலகவதிக்கு இருந்த கவலை வேறு.

நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்பனா, ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்க்கும் இம்மானுவேலைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. "எனக்குப் பொண்ணே இல்ல. அவ வாசலை மிதிக்கிறவங்களும் எனக்கு வேணாம்" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பச்சையப்பன் அறிவித்துவிட்டார்.

மகள் குடியிருப்பது இதே வார்டில், ரயில்வே கேட் தெருவில். வெள்ளிக்கிழமை தோறும் பெரியபாளையத்துக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள் திலகவதி. கம்பெனிக்குப் போகிற பெண்களைப் போலக் கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்புவாள். அம்மன் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தடை வந்தால் அந்த வெள்ளிக்கிழமையும் போச்சு.

சங்கக் கூட்டத்தில் ஒரு நாளும் வாயைத் திறக்காதவள் எழுந்து நின்றாள்.

"லாரி கெளப்புற தூசி ஒரு பக்கம், மில்லுங்க விடற கரி ஒரு பக்கம். இந்த ரோட்டுல பொம்பளைங்க மூஞ்சிய மூடாம எப்படிப் போறது? மூடினவங்க எல்லாம் திருடங்களா?"

பச்சையப்பனுக்கு ஆச்சரியம். சமாளித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒழுங்கா இருக்கறவன் எதுக்கும்மா மூஞ்சிய மறைக்கணும்? தப்பு பண்றவன்தான் மறைப்பான்."

கைதட்டல் பலமாக இருந்தது.

செயினைப் பறிகொடுத்தவளின் புருஷன் பாக்கியராஜ் மட்டும் தட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "எங்க ஊட்டுல அவ கழுத்துல காயம் இன்னும் ஆறலக்கா. அவன் மூஞ்சி தெரிஞ்சிருந்தா இந்நேரம் புடிச்சிருப்பாங்க."

அவர் சொல்வதும் நியாயம்தானே. திலகவதி உட்கார்ந்துவிட்டாள்.

"பேச்சு எதுக்கு, ஆதாரமே இருக்கு," என்று எழுந்தார் அன்புராஜ். தெருக் கேமராக்களைப் பார்த்துக்கொள்கிறவர். தன் போனை மண்டபத்து டிவியில் இணைத்தார். "நேத்துதான் எடுத்துப் பாத்தேன். நீங்களே பாருங்க தலைவரே."

திரையில் ரயில்வே கேட் தெரு. யாருக்கும் அடையாளம் தெரியாத பழைய பைக்கில் ஒரு வேட்டிக்காரர் வந்து நின்றார். தலை முழுக்க மூடிய ஹெல்மெட்.

"மூணு ஞாயித்துக்கிழமையா வர்றான். வண்டிய விட்டு எறங்குவான், ஹெல்மெட்ட மட்டும் கழட்டவே மாட்டான். எதிர்ல இருக்கற ஊட்டையே பாத்துக்கினு நிப்பான். அப்புறம் போயிடுவான்."

"நோட்டம் வுடறான்," என்றார் பாக்கியராஜ்.

திலகவதி திரையை உற்றுப் பார்த்தாள். அந்த எதிர் வீடு கல்பனாவுடையது.

வாசலில் பேரன் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். பந்து உருண்டு ஹெல்மெட்காரரின் காலடிக்குப் போனது. அவனும் பின்னாலேயே ஓடினான். ஐயோ என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

ஹெல்மெட்காரர் குனிந்து பந்தை எடுத்தார். தன் வேட்டியிலேயே மண்ணைத் துடைத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவன் தலையைத் தடவினார். குழந்தை திரும்பி ஓடிய பிறகு ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சமாகத் தூக்கி, உள்ளே விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வேட்டியைச் சடாரென்று உதறி, மடித்துக் கட்டினார்.

அந்த உதறலைத் திலகவதி முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் மில்லில் மெஷின் ரிப்பேர் என்று அவர் கிளம்பிப் போவது எங்கே என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"வீடியோவ நாளைக்கே ஸ்டேஷன்ல குடுத்துரலாம்," என்றார் அன்புராஜ்.

பச்சையப்பன் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். மில் சத்தத்தை மீறுகிற குரல் இப்போது முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஸ்டேஷன் எல்லாம் எதுக்கு? அந்த ரோட்டுல தூசி ஜாஸ்தி. தூசிக்குப் போட்டிருப்பான். மூடினவன் எல்லாம் திருடனா இன்னா? இந்தத் தடையே வேணாம், விட்டுரலாம்."

மண்டபம் முழித்தது. "இன்னா தலைவரே, இவ்ளோ நேரம் நீங்கதானே..." என்று இழுத்தார் பாக்கியராஜ்.

திலகவதி மறுபடி எழுந்தாள்.

"நான் பேசினதுதான் தப்பு. தடை வேணும். மொதல்ல எங்க ஊட்டுல இருந்தே ஆரம்பிக்கட்டும்."

நேராகப் புருஷனைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆனா முகத்தைச் சுத்திக்கினு அதே ஊட்டுக்குத்தான் நானும் போறேங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா சேந்தே போலாம். அங்க போயாவது அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்க. பேரன் இன்னும் உங்க மூஞ்சியப் பாத்ததே இல்ல."