பொத்திய கை

திரவமே இல்லாத பேட்டரி செய்ய ஜெசிந்தாவும் அவள் கணவன் இளம்பரிதியும் ஒரே ஆய்வகத்தில் பாடுபட்டார்கள். அதன் நடுவிலிருக்கும் மெல்லிய பாலிமர் ஏட்டுக்குள் லித்தியம் அயனிகள் நகர்ந்தால்தான் மின்சாரம் ஓடும். மறுநாளோடு ஆய்வை நிறுத்தும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சூடேற்றும் பெட்டியைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். ஏசி குளிரில், மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டரின் முள் அசையவில்லை.

"போதும் பரிதி. வீட்டுக்குப் போலாம்."

பொத்தான் அளவு பேட்டரியை அவன் மீட்டருக்குப் போகும் கம்பிகளோடு உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். "குளிர்ல விறைச்சுக் கிடக்கு ஜெசி. பாலிமர் கொஞ்சம் நெளிஞ்சு குடுத்தாத்தான் அயனிக்கு வழி கிடைக்கும்."

பல நாளைக்குப் பிறகு முதல்முறையாக அவள் சிரித்தாள். அவன் கையைத் தன் இரு கைகளாலும் மூடினாள். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முள் மெல்ல நகர்ந்தது.

"குறிச்சு வைக்கணும்," என்று எழப் போனாள்.

"அப்புறம் குறிக்கலாம். கைய எடுக்காத."