இடப்பக்கம் திரும்பியவள்

"கவியா, அந்த ஜோதி வேணும்னேதான் பண்ணா. அன்னைக்கு என் எடத்த எடுத்துக்கினா. இன்னைக்கு உன் முன்னாடி என் மானத்த வாங்கிட்டா."

ஜிகினா ஒட்டியாணத்தைக் கழற்றி நாற்காலியில் வீசினாள் ராஜம்மா.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, அதன் ஊழியர் குடும்ப விழா. கேன்டீனில் காய் நறுக்கும் ராஜம்மாவும் கூட்டிப் பெருக்கும் ஜோதியும் இன்னும் நாலு பெண்களும் ஆடிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார்கள்.

ராஜம்மாவும் ஜோதியும் ஒரு காலத்தில் சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடியவர்கள். முப்பது வருடம் முன்பு, கவியா வயிற்றில் மூன்று மாதம். எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, தலை சுற்றலில் ராஜம்மா மட்டும் இடப்பக்கம் திரும்பிவிட்டாள். தனியாகத் தெரிந்தாள். மாஸ்டர் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பின்னாலேயே பிசகாமல் ஆடிய ஜோதிக்கு அவளுடைய முன்வரிசை இடம்.

அதன் பிறகு இன்றுதான் மேடை. மகள் ஒரு தடவையாவது தான் ஆடுவதைப் பார்க்கட்டும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயதில் ஏறினாள்.

"அவ இடப்பக்கம் திரும்புனா. அவள நம்பி நானும் திரும்பிட்டேன். நீயும்தான பாத்த?"

கவியா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு செல்போனை நீட்டினாள். "நான் எடுத்த வீடியோ. நீயே பாரும்மா."

நாலு பேர் வலப்பக்கம். முதலில் இடப்பக்கம் திரும்பியது ராஜம்மாதான். வலப்பக்கம் பாதி திரும்பிவிட்ட ஜோதி, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்ததும் சடாரென்று இடப்பக்கம் வருகிறாள்.

"தோ பார்ரா, அந்த ரெண்டு ஆயாவுக்கு மட்டும் தனி ஸ்டெப்பு வெச்சிகீறாங்க," என்று வீடியோவில் கூட்டத்திலிருந்து யாரோ சொல்ல, கைதட்டல்.

ராஜம்மா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

ஜோதி முட்டியைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தாள். சடாரென்று திரும்பியதில் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி, நீ சரியாத்தான திரும்புன? இன்னாத்துக்கு என் பின்னாடி வந்த?"

"ஒருத்தி திரும்புனாதான்டி தப்பு. கூட இன்னொருத்தி திரும்பிட்டா அது ஸ்டெப்பு."

"இது எப்போ கண்டுபுடிச்ச?"

ஜோதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கே தெரியும் ராஜி. தெரிஞ்சேதான் சரியா ஆடினேன்."