செல்லக்கனியின் தலைவலி

ஆஸ்பத்திரி ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் முத்துநாயகம் ஒரே பார்வையில் தள்ளுபடி செய்தார்.

கை கால் உளைச்சலாம், நெஞ்சுப் படபடப்பாம், மேலெல்லாம் எரிச்சலாம். எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. ஊசியைக் குத்தி அனுப்பினால் அடுத்த வாரம் அதே முகங்கள், அதே பெஞ்ச். நடிப்புக்காரக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் தன் மனைவி செல்லக்கனியும் ஒருத்தி என்பதுதான் அவருக்குப் பெரிய கேவலம்.

மூன்று மாதத்தில் ஐந்தாவது தடவை. அதே தலைவலி. தனியாக வருவாளா என்றால் அதுவும் மாட்டாள். குலசேகரத்திலிருந்து ஆட்டோ பிடித்து இவர்தான் கூட்டி வர வேண்டும்.

உள்ளே புது டாக்டர். ரேஷ்மியாம். இவருடைய கடைசி மகளைவிடச் சின்னவள். மாத்திரையை எழுதித் தொலைக்காமல், கேள்வி அச்சடித்த ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அம்மா, இந்த ரெண்டு வாரமா ஒறக்கம் எப்படி?”

எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லக்கனிக்கு வாய் முத்துநாயகம்தான்.

“ஒறக்கமா? கல்லு மாதிரி ஒறங்குவா. நானில்லா ரெண்டு மணிக்கே முழிச்சிட்டுக் கெடக்கேன். அதுக்குன்னு ஆஸ்பத்திரிக்கா ஓடுனேன்?”

பசி?

மீன்கறி வைத்தாலும் எனக்கு மண்ணைத் தின்பதுபோலத்தான் இருக்கிறது, ஒருத்தரிடம் போய் அழுதேனா என்று கேட்டார். ரப்பர் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. துபாயிலிருந்து பெற்ற மக்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவே பிடிக்கவில்லை. இதெல்லாம் மனுசனுக்கு வயசானால் உள்ளதுதான். பொம்பளைகளுக்குத்தான் அதற்கொரு டாக்டர் வேண்டும்.

ரேஷ்மியின் பேனா நின்றது. அடுத்த கேள்வியை அவள் மெதுவாகக் கேட்டாள். செத்துப் போனால் நல்லது என்று எப்போதாவது தோன்றுமா?

“காலம்பற முழிக்காமலே போனா நல்லதுன்னு யாருக்குத்தான் தோணாது? எனக்குத் தெனமும்தான் தோணுது. இதையும் ஒரு சீக்குன்னு நெனச்சு படிச்சிட்டு வந்திருக்க பாரு!”

முத்துநாயகம் சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே ஆள் இல்லை.

டாக்டர் அந்தத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள்.

“ஒங்க பேரு, வயசு சொல்லுங்க ஐயா.”

“எனக்க பேரு எதுக்கு? ஏட்டி, வாயத் தொறந்து சொல்லேன். சீக்குக்காரி நீயா, நானா?”

செல்லக்கனி அவர் பக்கமே திரும்பவில்லை.

“முத்துநாயகம். அறுபத்து மூணு வயசு,” என்றாள் டாக்டரிடம். “எனக்குத் தலைவலியும் இல்ல, ஒரு எளவும் இல்ல மக்கா. வேற என்னத்தச் சொன்னா இந்த மனுசன் ஆஸ்பத்திரிப் படி ஏறுவாரு?”